மைதானத்துக்கு வெளியே நிற்கப்போகும் மகனுக்கு

மாங்குளம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. முழங்கால் சவ்வு கிழிந்தபின் இனிக் களமிறங்குவது கடினம் என்று வைத்தியர் கூறிவிட்டதையும், சிறுவர்களைப் பழக்கவும் கோடைக்கால உதைபந்தாட்டப் போட்டிகளைத் தமிழ் இணைய வானொலியில் வர்ணிக்கவும் உன் கழகத்தார் உன்னை அழைத்திருப்பதையும் அம்மா சொன்னாள். "விளையாட ஏலாதவன் கதைத்து என்ன பயன்?" என்று அவளிடம் கேட்டாயாம். தொலைபேசியில் இதற்குப் பதில் சொல்ல எனக்கு வராது.

நீ இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் போன புதிதில், சனிக்கிழமைகளில் வேலைத்தலத்து வானொலியில் கேட்கும் ஒரு முதியவரின் நிதானமான குரலைப் பற்றிச் சொல்வாய். ஜிம்மி ஆம்ஃபீல்ட். பிளாக்பூலைத் தவிர வேறு கழகத்துக்கு ஆடாதவர். இங்கிலாந்துக்காக 43 ஆட்டங்கள் ஆடி, அவற்றுள் 15இல் தலைமை தாங்கியவர். ஆயினும் 1966இல் அந்நாடு உலகக் கிண்ணத்தை வென்றபோது, அணியில் இருந்தும் ஒரு நிமிடமேனும் ஆடாமல் வெளியே இருந்து பார்த்தார். ஆடாதவர்களுக்கும் பதக்கம் உண்டு என்று முடிவாகி அது அவர் கைக்கு வந்தது 2009இல். ஆடிய ஆட்டங்களும் 43, காத்திருந்த ஆண்டுகளும் 43. நான் இருமுறை கழித்துப் பார்த்தேன். பிறகு பயிற்றுநராகி, முன்னிருந்த பயிற்றுநர் பிரையன் கிளஃப் 44 நாள்களில் நீக்கப்பட்டபின் லீட்ஸ் அணியை ஏற்று, 1975இல் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் வரை கொண்டுபோய், பாரிஸில் பயேர்ன் மியூனிக்கிடம் 2–0 எனத் தோற்றார். அந்த ஆட்டத்தில் லீட்ஸின் லோரிமர் அடித்த கோல் செல்லாது என்ற தீர்ப்பு உங்கள் ஊர்க்காரருக்கு இன்னும் ஆறவில்லை என்று நீதானே சொன்னாய். அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேல் பிபிசி வானொலி. வெளியே இருந்து பார்க்கப் பழகியவர் என்பதாலேயே அவர் சொன்னவை காதில் நின்றன என்பது என் எண்ணம்.

என் வர்ணனை தொடங்கிய கதையை உனக்குச் சொன்னேனோ தெரியாது. 1998 ஆடி மாதம், புதுக்குடியிருப்பில் இடம்பெயர்ந்து இருந்தோம். மின்சாரம் இல்லை; பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயரைக் கொழுவி, பெடலைக் கையால் சுற்றித்தான் வானொலி கேட்போம். பிரான்ஸும் பிரேசிலும் மோதிய இறுதியாட்டத்தின் ஆங்கில வர்ணனை சிற்றலையில் இரைச்சலோடு வர, நான் அதைப் பொடியன்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரான்ஸின் சிடான் பந்தைத் தலையால் முட்டி முதற் கோலைப் போட்டதும் பெடல் சுற்றியவன் துள்ளி எழும்பிவிட்டான், வானொலி செத்துப்போனது. அது மறுபடி உயிர்பெறும் வரை, கேட்காத ஆட்டத்தை நானே நடத்தினேன். அது பொய் வர்ணனை. அப்படி நீ செய்யாதே.

இன்னொரு பிழையும் உண்டு. மீள்குடியேறிய பின் நடந்த ஒரு சுற்றுப்போட்டியில், தம்பி அடித்த கோலுக்கு ஒலிபெருக்கியில் அண்ணனின் பெயரைச் சொல்லிவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளை, காலில் கிறவல் புழுதியோடு, மைக் மேசையருகே வந்து நின்று, "மாமா, அது நான்" என்று மட்டும் சொன்னான். சனம் கலைந்துவிட்டது. வெறும் மைதானத்துக்கு அவன் பெயரை மறுபடி அறிவித்தேன். அன்றிலிருந்து ஆட்டம் தொடங்குமுன் இரு அணியிடமும் போய், இலக்கத்தையும் பெயரையும் அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்வேன். பழக்கும்போதும் அந்தக் கொப்பி உதவும். பெயர் தெரிந்த பிள்ளையைத்தான் திருத்தலாம்.

முதல் ஆட்டம் எப்போது என்று எழுது. வேப்பமரத்தடியில் சிக்னல் நன்றாக வருகிறது. அங்கே கதிரை போட்டுக் கேட்போம். எத்தனைக்கு எத்தனை என்பதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லு. அம்மா இடைக்கிடை அடுப்படிக்கு எழும்பிப் போவாள்.

இப்படிக்கு,
அப்பா