சுங்கை சிப்புட் வட்டார நாணயச் சேகரிப்பாளர்கள்: செயலாளரின் 2024 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் இயங்கும் நம் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு நடவடிக்கைகளைப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். செயலவைக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. உறுப்பினர் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. வேலைக்காக ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்ட சிலர் சந்தாவை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் நன்றி.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் கடைசியில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டது பலருக்கு நினைவிருக்கும். "காசெல்லாம் சேர்த்தாச்சு, ஆல்பத்தில் போட்டாச்சு, அலமாரியில் வெச்சுப் பூட்டியாச்சு. அப்புறம் என்ன?" என்றார். அன்று யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் இந்த ஆண்டு நாம் செய்த முக்கியமான வேலைகளெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான். ஆகவே அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

ஆர்வம் ஏன் குறைகிறது என்று செயலவை உட்கார்ந்து பேசியது. நம்மில் பெரும்பாலோர் வரிசையை முடிக்க வேண்டும் என்றுதான் தொடங்குகிறோம். பார்லிமென்ட் கட்டடப் படத்தோடு 1967 முதல் 1988 வரை வந்த மலேசியக் காசுகளின் பார்லிமென்ட் வரிசையையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான ஆண்டுகள் சுலபமாகக் கிடைத்துவிடும். 1971ஆம் ஆண்டு 20 காசுக்கு (20 சென்) வந்ததும் வண்டி நின்றுவிடும். அது அரிது, விலையும் அதிகம். அந்த ஒரு ஓட்டைக்காக ஆல்பத்தையே மூடி வைத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், எல்லா ஓட்டையையும் நிரப்பிவிட்டவர்களுக்கும் மறுநாள் செய்ய ஒன்றும் இருப்பதில்லை. கிடைக்காதவருக்கும் சலிப்பு, கிடைத்துவிட்டவருக்கும் சலிப்பு என்றால், குறை காசில் இல்லை, நாம் காசிடம் எதிர்பார்த்ததில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. இதைச் செயலவையிலும் சொன்னேன்.

அதன்பிறகு தொடங்கியதுதான் 'மாதம் ஒரு காசு'. மாதக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் ஒரே ஒரு காசைக் கொண்டு வருவார். எங்கே அடித்தார்கள், எந்த உலோகம், எந்தக் காலத்தில் புழங்கியது, யார் கையிலிருந்து தன் கைக்கு வந்தது என்று பேசுவார். விலையைப் பற்றிப் பேசக் கூடாது. முதலில் இது நடக்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். நடந்தது, நன்றாகவே நடந்தது.

முதல் பேச்சு சதுரக் காசைப் பற்றி. பெரியவர்கள் கையில் புரண்ட, முனை மழுங்கிய ஒரு காசு அது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் காலத்தில் 1919இலேயே சதுர ஒரு காசு (ஒரு சென்ட்) நாணயம் வந்துவிட்டது. மலாயா நாணய ஆணையம் 1939 முதல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலையோடு அதே வடிவத்தைத் தொடர்ந்தது. உறுப்பினர் இரண்டு காசுகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்: ஒன்று 1940, மற்றது 1943. இரண்டாவது சற்றுச் சின்னது, எடையும் குறைவு. போர்க்காலத்தில் செம்பு மிச்சப்படுத்த வேண்டியிருந்தது.

அதைவிட முக்கியமான ஒன்றை அவர் கேட்டார். 1943இல் இந்த மண்ணில் ஜப்பானியர் ஆட்சி. பிரிட்டிஷ் மன்னர் தலை போட்ட காசை யார் அடித்தார்கள், யாருக்காக? திரும்பி வருவோம் என்ற எண்ணத்தில் வெளியே அடித்து வைத்த காசு அது. இங்கே இருந்தவர்கள் கையில் அப்போது இருந்தது ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டு. அந்தக் கூட்டத்துக்கு ஒருவர் வாழைமரப் பத்து வெள்ளி (டாலர்) நோட்டு ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். அவருடைய தாத்தாவைத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. வீட்டில் மிஞ்சியது அந்த நோட்டுதான். 1945இல் அதற்கு மதிப்பே இல்லாமல் போனது. சதுரக் காசையும் அந்த நோட்டையும் ஒரே மேசையில் பார்த்தபோது, என் ஆல்பத்தில் பல ஆண்டுகளாக இருந்த அதே 1943 காசை நான் முதல் தடவையாகப் பார்த்ததுபோல் இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் ஆல்பத்தைத் திறந்தவர்கள் பலர் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இன்னொரு மாதம் பத்துக் காசு (பத்து சென்ட்) நாணயத்தைப் பற்றிய பேச்சு. 1939 முதல் 1941 வரை வந்ததில் நூற்றுக்கு 75 பங்கு வெள்ளி உலோகம். 1943, 1945 காசுகளில் 50 பங்காகக் குறைந்தது. 1948இல் வெள்ளியே போய் செம்பு நிக்கல் கலவை வந்தது. மேசைமேல் தட்டினால் ஓசையிலேயே வித்தியாசம் தெரிகிறது என்று உறுப்பினர் தட்டிக் காட்டினார். கண் மங்கிய ஒரு தாத்தா கண்ணை மூடிக்கொண்டே எது பழையது என்று சரியாகச் சொன்னார். தோட்டக் கடையில் வேலை பார்த்தவர் அவர். அந்த மாலை முழுக்க அவரைச் சுற்றித்தான் கூட்டம்.

ஆண்டின் நடுவில் மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ காசுகள் பேச்சுக்கு வந்தன. எலிசபெத் ராணியின் படம், ஓரத்தில் சின்னதாக எச் அல்லது கே.என். என்ற எழுத்து. எச் என்றால் பர்மிங்ஹாமின் ஹீட்டன் ஆலை, கே.என். என்றால் கிங்ஸ் நார்ட்டன் ஆலை. இந்த எழுத்தைத் தேடுவதற்காகவே பூதக்கண்ணாடி வாங்கியவர்கள் உண்டு. 1962இல் ஒரு காசு நாணயம் சதுரத்தை விட்டு வட்டமாகி, இரண்டு கிரிஸ் கத்திகள் குறுக்கே வைத்த வடிவத்தோடு வந்தது.

இந்தக் காசுகளைப் பற்றிப் பேசியவர் ஒரு பெண்மணி. அவருடைய பெற்றோர் இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், நம் ஊரைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்க, சிறுகச் சிறுகக் கட்டியவர்கள். அம்மா பால் டின்னில் போட்டு வைத்த சில்லறை, மாதக் கடைசியில் எண்ணியது, எண்ணும்போது பிள்ளைகளைத் தொட விடாதது எல்லாம் சொன்னார். அந்தக் காசு அவரிடம் இல்லை, பங்குப் பணமாகப் போய்விட்டது. அதே ஆண்டு, அதே வகைக் காசு ஒன்றை அவர் பிற்பாடு தேடி வாங்கி வைத்திருக்கிறார். சேகரிப்பு எதற்காக என்று என்னைக் கேட்டால், இந்த ஒரு காசைக் காட்டுவேன்.

1967ஐப் பற்றியும் ஒரு பேச்சு நடந்தது. 1959 ஜனவரி 26இல் தொடங்கிய நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, 1967 ஜூன் 12இல் நம் சொந்த நாணயத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் பவுன் மதிப்பு இறங்க, அதோடு பிணைந்திருந்த பழைய பணமும் இறங்கியது; மாற்றாமல் வைத்திருந்த பழைய ஒரு வெள்ளி (டாலர்) புதிய பணத்தில் 85 காசாகிவிட்டது. பினாங்கில் அதனால் ஹர்த்தாலும் கலவரமும் வந்தன. வங்கிக்குப் போகாமல் பெட்டியில் பணம் வைத்திருந்த தோட்டத்து மக்களுக்கு அது எப்படி விழுந்திருக்கும் என்று அனுபவித்தவர்களே சொன்னார்கள். அன்று கூட்டம் முடிய இரவு வெகுநேரமாகிவிட்டது. மண்டபக் காவலாளி பொறுமையாகக் காத்திருந்தார். அவருக்கும் நன்றி.

போட்டி விஷயத்தில் செயலவையில் கருத்து வேறுபாடு இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. 'அதிக மதிப்புள்ள சேகரிப்பு' என்று பரிசு வைத்தால் கூட்டம் வரும் என்று சிலர் நினைத்தார்கள். அப்படி வைத்தால் தோட்டத்து வீட்டுப் பிள்ளை ஒருவன் ஒருநாளும் மேடை ஏற முடியாது என்று நானும் உதவிச் செயலாளரும் சொன்னோம். கடைசியில் பரிசு, நன்றாக எழுதப்பட்ட குறிப்பட்டைக்குப் போனது. காசுக்குப் பக்கத்தில் ஆண்டு, உலோகம், எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார் என்று எழுதி வைக்கும் அந்தச் சின்ன அட்டைதான். இது சரியான முடிவு என்று இன்றும் நம்புகிறேன்.

பராமரிப்புப் பட்டறையில் சொன்ன விஷயங்களை, வர முடியாதவர்களுக்காக இங்கே குறிக்கிறேன். காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நம் வீடுகளில் குத்துவிளக்கைத் துலக்கும் பழக்கத்தில் கை தானாகப் புளிக்குப் போகும். தேய்த்த காசு ஒருநாள் பளபளக்கும், ஆனால் மேல் தோல் போனது போனதுதான். அப்புறம் எந்தச் சேகரிப்பாளரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். மெத்தென்ற பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளையும் விட்டுவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் அவை பிசுபிசுத்து, செம்பின் மேல் பச்சையாகப் படியும். அட்டைச் சட்டமோ கெட்டியான மைலார் உறையோ போதும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. காசை ஓரத்தில் பிடியுங்கள், முகத்தில் விரல் படக் கூடாது.

அன்றே எடை பார்க்கும் பயிற்சியும் நடந்தது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் வெள்ளி டாலர் ஒன்றை ஓர் உறுப்பினர் கொண்டு வந்தார். 1903, 1904 டாலர் 26.95 கிராம் இருக்க வேண்டும். 1907 முதல் அளவைக் குறைத்து அடித்தது 20 கிராமுக்குச் சற்று மேல். அவருடையது 1903 என்று போட்டிருந்தும் எடை எங்கோ கீழே இருந்தது, காந்தத்திலும் ஒட்டியது, போலிதான். வருத்தம்தான். ஆனால் அன்று எல்லாரும் தராசு வாங்கத் தீர்மானித்தார்கள்.

தமிழ்ப்பள்ளிக் கண்காட்சி இந்த ஆண்டின் மிகப் பெரிய மகிழ்ச்சி. 1989இல் வந்த செம்பருத்தி வரிசையைத்தான் முக்கியமாக வைத்தோம். ஒரு காசில் ரெபானா மேளம், 5 காசில் பம்பரம், 10 காசில் சோங்காக் பலகை, 20 காசில் வெற்றிலைப் பெட்டி, 50 காசில் நிலாப் பட்டம், ஒரு வெள்ளியில் (ஒரு ரிங்கிட்) கிரிஸ். பிள்ளைகள் சோங்காக்கைப் பார்த்ததும் பல்லாங்குழி என்று கத்தினார்கள். ஒரு வெள்ளிக் காசு 2005 டிசம்பரில் புழக்கத்திலிருந்து போய்விட்டதால், அப்படி ஒன்று இருந்ததை அவர்கள் நம்பவே இல்லை. ஒரு சென் காசையும் இப்போது கடையில் யாரும் தருவதில்லை. 2008 ஏப்ரல் முதல் கணக்கை ஐந்துக்கு ஐந்தாகச் சரிக்கட்டிவிடுகிறார்கள். ஆகவே வீட்டு இழுப்பறையில் கிடக்கும் ஒரு சென் காசுகளைத் தேடி வரச் சொன்னோம். பழையது வெண்கலம், பிந்தியது செம்பு பூசிய எஃகு. காந்தத்தை வைத்து எது எது என்று பிரிக்கும் விளையாட்டில் ஆசிரியர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். காசு செலவில்லாமல் தொடங்கக்கூடிய சேகரிப்பு இது. பெற்றோரிடமும் அதைச் சொல்லி அனுப்பினோம்.

கோலாலம்பூர் சாசானா கிஜாங்கில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்துக்குப் பேருந்து எடுத்துப் போனோம். பழைய ஈய (வெள்ளீய) நாணயங்களைப் பார்ப்பதுதான் நோக்கம். ஈயம் எடுத்த இந்த நிலத்தில் முதலை, ஆமை வடிவ ஈயக் கட்டிகளே ஒருகாலத்தில் பணமாக இருந்தன என்று பேராக்கில் பிறந்து வளர்ந்த பலருக்கே தெரியாமல் இருந்தது. பயணம் நன்றாக அமைந்தது. சாப்பாட்டு ஏற்பாட்டைச் செய்த மகளிர் பிரிவுக்கு நன்றி.

ஒரு துயரச் செய்தியையும் பதிவு செய்ய வேண்டும். சங்கத்தைத் தொடங்கிய நாளிலிருந்து இருந்த, தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்த நம் மூத்த உறுப்பினர் இந்த ஆண்டு காலமானார். சென்ற ஆண்டு அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர்தான். அவருடைய வீட்டார் முதலில் காசுகளை எடைக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்தார்கள். செயலவை நேரில் போய்ப் பார்த்தது. ஒவ்வொரு உறையிலும் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது. கேள்வி கேட்ட பிறகு அவரே உட்கார்ந்து எழுத ஆரம்பித்திருக்கிறார். "பெரியக்கா கல்யாணத்துக்கு ரயிலேறிய அன்று மீதிச் சில்லறை", "இதைக் கொடுத்த சீனக் கடைக்காரர் கடன் கேட்டால் முகம் சுளித்ததில்லை" என்று. மகள் அவற்றை வாசித்துவிட்டு விற்பதில்லை என்று முடிவெடுத்தார். இப்போது அவரும் நம் உறுப்பினர்; எழுதாமல் விடுபட்ட உறைகளுக்கு அம்மாவிடமும் அத்தைமாரிடமும் கேட்டுச் சீட்டு எழுதி வருகிறார். மறைந்தவருக்கு ஒரு நிமிடம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துமாறு தலைவர் கேட்டுக்கொள்வார்.

அடுத்த ஆண்டுக்குச் செயலவை மூன்று பரிந்துரைகளை வைக்கிறது. 'மாதம் ஒரு காசு' தொடர வேண்டும். அதில் பேசப்படுவதை உறுப்பினர் அனுமதியோடு ஒலிப்பதிவு செய்து வைக்க வேண்டும், ஏனென்றால் வயதானவர்களின் பேச்சை இப்போதே பிடித்து வைக்காவிட்டால் பிறகு முடியாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுச் சந்தா வாங்கக் கூடாது. மூன்றாவதற்குப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் தேவை.

மண்டபம் கொடுத்த கோயில் நிர்வாகத்துக்கும், கண்காட்சிக்கு இடம் தந்த பள்ளித் தலைமையாசிரியருக்கும், கண்ணாடிப் பெட்டிகளை இலவசமாகச் செய்து கொடுத்த தச்சருக்கும், தங்கள் காசுகளையும் கதைகளையும் கொண்டு வந்த ஒவ்வோர் உறுப்பினருக்கும் செயலவையின் சார்பில் நன்றி கூறி, இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ள முன்மொழியுமாறும் வழிமொழியுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்