தார்ப்பாயை அவிழ்த்துவிடுங்கள்: லாய நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

ஐப்பசி மழை தொடங்கி, லாயத்து ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடிய நாளிலிருந்து, மூச்சு வாங்கும் பொன்னி என்ற குதிரைக்காக நான் கேட்டு வருவது உங்களுக்குத் தெரியும். மூன்று கடிதங்கள் கொடுத்துவிட்டேன். "காய்ச்சல் இல்லை, கொள்ளுத் தீனியையும் மீதம் வைக்காமல் தின்கிறது, பயப்பட ஒன்றுமில்லை" என்று கடைசியாகப் பதில் வந்தது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சென்ற ஞாயிறு இரவு பொன்னியின் கொட்டடியில் இரண்டு மணி நேரம் நின்றேன். ஓய்வாக நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். பொன்னியின் விலா ஏறி இறங்குவதைக் கைக்கடிகாரம் வைத்து எண்ணினேன்: 34. ஒவ்வொரு மூச்சையும் வெளியே தள்ள வயிற்றை இறுக்கியது. இறுக்கி இறுக்கி விலாவுக்குக் கீழே ஒரு வரியே விழுந்துவிட்டது. மூக்கடைத்தால் நாம் வாயால் மூச்சு விடுவோம். குதிரையின் தொண்டை அமைப்பு அதற்கு இடம் தராது. மூக்கு ஒன்றுதான் வழி. இருமல் வந்தபோது பொன்னி தலையைத் தாழ்த்தப் பார்த்தது. தலை தாழ்ந்தால்தான் சளி வடியும். கயிற்றை அவ்வளவு குட்டையாகக் கட்டியிருந்தார்கள், தலை நெஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை. நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

என் செலவில் அழைத்து வந்த கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு ஆஸ்துமா என்றார். இதில் பொதுவாகக் காய்ச்சல் அடிக்காது, தீனியும் குறையாது. நனைந்து பூசணம் பூத்த புல்லின் தூசியும், மூத்திரம் ஊறிய படுக்கையிலிருந்து கிளம்பும் அமோனியாவும், மூடிய ஜன்னல்களால் வெளியேற வழியில்லாமல், மூச்சுக்குழாயை வீங்க வைக்கின்றன. மருந்து கொடுத்தால் மூச்சு இளகும். திரும்ப அதே தூசியில் கட்டினால் திரும்பவும் இறுகும். நம் ஊர்க் குளிர் குதிரையை ஒன்றும் செய்யாது. சாரல் அடிக்கும் பக்கம் கீழ்ப்பாதியை மட்டும் மறைத்துக்கொண்டு, மற்ற தார்ப்பாய்களை அவிழ்த்துவிடுங்கள்.

புல்லை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, ஈரம் காயும் முன் தரையில் போடச் சொல்லுங்கள். மூக்குக்கு நேரே வலையில் தொங்கவிட்டால் ஒவ்வொரு கடிக்கும் தூசி உள்ளே போகிறது. பெருக்கும்போது குதிரைகளை வெளியே கட்டச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் தண்ணீர்த் தொட்டி ஒன்று போதும்.

முன்வாசலுக்கு இந்த ஆண்டு இரண்டு முறை வண்ணம் பூசினீர்கள். சவாரிக் கட்டணத்தையும் உயர்த்தினீர்கள். புல்லை நனையாமல் வைக்க ஒரு கொட்டகை போட மட்டும் ஐந்து ஆண்டுகளாகப் பணம் இல்லை. லாயத்திலேயே படுத்துறங்கும் குதிரைக்காரர்களும் இருமுகிறார்கள். அவர்கள் யாரிடம் கடிதம் கொடுப்பார்கள்? இந்த நிலையில் சனிக்கிழமை வகுப்புப் பட்டியலில் பொன்னியின் பெயர் இருக்கிறது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான் குதிரைக்குக் கிடைக்கும். நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கும் குதிரையின் மேல் குழந்தைகளை எந்த மனதோடு ஏற்றுவீர்கள்?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொன்னியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படியும், தார்ப்பாய்களை அவிழ்த்துவிடும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆள் இல்லை என்றால் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நானே ஏணியோடு வருகிறேன். அனுமதி மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
பத்து ஆண்டுகளாக உங்களிடம் சவாரி பழகும் ஒருவர்