நெதர்லாந்தில் வீட்டை வாடகைக்கு விடும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம். ஐந்தோவனிலும் ஆம்ஸ்டெல்வீனிலும் அல்மேரிலும் வீடு வாங்கி, அதைத் தமிழர்களுக்கே வாடகைக்கு விடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மென்பொருள் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் உங்களில் உண்டு. எண்பதுகளில் அகதிகளாக வந்து, இரவு பகல் பாராமல் உழைத்து வீடு வாங்கிய ஈழத்துக் குடும்பங்களும் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு வீடு தேடித் தருகிற வேலையை நான் விருப்பத்தோடு செய்து வருவதால் உங்களில் பலரை நேரில் தெரியும். அந்த உரிமையில் நேராகவே சொல்கிறேன்: 2023-க்குப் பிறகு இந்த நாட்டின் வாடகைச் சட்டம் அடியோடு மாறிவிட்டது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் விளம்பரங்கள் மட்டும் மாறவில்லை.

"தமிழ் ஃபேமிலி மட்டும். மூணு மாச அட்வான்ஸ். பதினோரு மாச காண்ட்ராக்ட். ரெஜிஸ்ட்ரேஷன் கிடையாது." இதே வரிகள் மாதா மாதம் வருகின்றன. இந்த நான்குமே இன்று சட்டத்தோடு மோதுகின்றன.

2023 ஜூலை 1 முதல் நல்ல வாடகைமுறைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வாடகைக்கு வருகிறவரை இனம் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முன்பணம் இரண்டு மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டைக் காலி செய்த 14 நாளுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். பழுதுக்கோ பாக்கிக்கோ பிடித்தம் செய்வதானால் கணக்கு காட்டி 30 நாளுக்குள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர் மூன்று மாதம் கேட்டால் மறுப்பே சொல்லமாட்டார். அவருக்கு விவரம் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். உரிமைகளை எழுத்தில் அவர் கையில் கொடுக்க வேண்டிய கடமையும் அதே சட்டப்படி உங்களுடையதுதான்.

பதினோரு மாத ஒப்பந்தமும் ஊரிலிருந்து கூடவே வந்த பழக்கம். 2024 ஜூலை 1 முதல் இங்கே காலவரையற்ற ஒப்பந்தமே பொது விதி. வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ படிக்க வந்த மாணவர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. நீங்களே ஓராண்டு வேலையாக பெங்களூருக்குப் போய்த் திரும்பி வந்து அதே வீட்டில் குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. திரும்பி வருவதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் "பதினோரு மாசம் முடிஞ்சது, கிளம்புங்க" என்றால், குடியிருப்பவர் கிளம்ப வேண்டியதில்லை. வீட்டை விற்றாலும் வாடகை ஒப்பந்தம் புதிய உரிமையாளரோடு தொடரும்.

என்னை மிகவும் வருத்துவது "ரெஜிஸ்ட்ரேஷன் கிடையாது" என்கிற அந்த நான்காவது வரி. நான்கு மாதத்துக்கு மேல் தங்குகிற எவரும் வந்த ஐந்து நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அதைத் தடுக்க வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள் என்பதும் தெரியும்: வங்கிக் கடன் பத்திரத்தில் வாடகைக்கு விட அனுமதி இருக்காது, அல்லது அந்த வீட்டில் இத்தனை பேர் இருக்க நகராட்சி ஒப்பாது. உங்கள் சிக்கலின் விலையை வாடகைக்கு வந்தவர் கொடுக்கிறார். கைக்குழந்தையோடு வந்த ஒரு தம்பதியின் சம்பளச் சீட்டைப் பார்த்தேன். முகவரியைப் பதியாததால் பிஎஸ்என் என்கிற தனிநபர் அடையாள எண் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதை அலுவலகத்துக்குக் கொடுக்க முடியாததால் 52 சதவீதம் வரி பிடித்திருந்தார்கள். எண் தராத ஊழியருக்கு முதலாளி அப்படித்தான் பிடித்தாக வேண்டும். அந்தப் பெண் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். குழந்தையின் தடுப்பூசி அழைப்புக் கடிதம் எந்த முகவரிக்கு வரும் என்றுதான் கேட்டாளே தவிர, வீட்டுக்காரரைப் பற்றி ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. "அந்த அண்ணா நல்லவர்தான்" என்றாள்.

இனி வாடகைத் தொகை. 2024 ஜூலையில் வந்த கட்டுப்படியாகும் வாடகைச் சட்டம் புள்ளிக் கணக்கைக் கட்டாயமாக்கிவிட்டது. பரப்பளவு, எரிசக்தித் தரம், சமையலறை, குளியலறை, வீட்டின் அரசு மதிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. 2025-இல் 143 புள்ளி வரையுள்ள வீட்டுக்கு மாதம் ஏறத்தாழ 900 யூரோவும், 186 புள்ளி வரை ஏறத்தாழ 1,185 யூரோவும் உச்ச வரம்பாக இருந்தது. 187 புள்ளியோ அதற்கு மேலோ இருந்தால்தான் உங்கள் விருப்பம். தனி அறையாக விட்டால் அந்த விருப்பமும் இல்லை. அறைக்குத் தனிப் புள்ளிக் கணக்கு, எப்போதும் வரம்பு உண்டு. 2025 ஜனவரி முதல் புதிய ஒப்பந்தத்தோடு புள்ளிக் கணக்குத் தாளை இணைக்க வேண்டும். மீறினால் நகராட்சி அபராதம் போடலாம். அது இருபதாயிரம் யூரோவைத் தாண்டக்கூடிய தொகை. 143 புள்ளிக்கு உட்பட்ட வீடு என்றால், பழைய ஒப்பந்தமாக இருந்தாலும் வரம்புக்கு மேலுள்ள வாடகையை 2025 ஜூலை முதல் குறைத்தே ஆக வேண்டும்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் மறக்கவில்லை. சேமிப்பின் மீதும் குடியிருக்காத வீட்டின் மீதும் போடுகிற வரி ஏறியிருக்கிறது. குடியிருக்காத வீட்டை வாங்கினால் 2025 வரை 10.4 சதவீதம் பத்திர வரி. 2026-இல்தான் அது 8 ஆனது. புள்ளிக் கணக்குப்படி விட்டால் வங்கித் தவணைக்கே போதவில்லை என்று ஓர் அக்கா அழுதார். கட்டுப்படியாகவில்லை என்றால், குடியிருப்பவர் தாமாகக் காலி செய்த பிறகு விற்றுவிடுங்கள். நாடெங்கும் பலர் அதைத்தான் செய்கிறார்கள். அது வெளிப்படையான வழி. விவரம் தெரியாதவரின் தலையில் நஷ்டத்தைக் கட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, அதுவும் "நம்ம ஆளு" என்று நம்பி வந்தவரின் தலையில்.

என் கோரிக்கை இதுதான். வாடகைத் தீர்ப்பாயமான ஹூர்கொமிஸியின் இணையதளத்தில் வீட்டின் புள்ளிகளைப் போட்டுப் பார்க்கலாம். இந்த வாரம் ஒரு மாலை அதற்காக உட்காருங்கள். வரும் தொகை நீங்கள் வாங்குவதைவிடக் குறைவென்றால், குடியிருப்பவர் 25 யூரோ கட்டி அங்கே முறையிடும்வரை காத்திருக்காமல் நீங்களே அவரை அழைத்துச் சொல்லுங்கள். முகவரியைப் பதியத் தேவையான ஒப்பந்த நகலையும் கையெழுத்தையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். வங்கியின் அனுமதிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று தெரியாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், கூட உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
ஐந்தோவனிலிருந்து உங்கள் தங்கை