நார்கோட்டிக் சாவி பற்றி நர்சிங் சூப்பரின்டென்டென்ட்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேடம்களுக்கு,

வணக்கம். 19 வருடமாக வார்டில் நிற்கும் செவிலியர் நான். மார்ஃபின் போன்ற போதை தரும் வலி மருந்துகளைப் பூட்டி வைக்கும் நார்கோட்டிக் அலமாரியின் சாவி பற்றித்தான் எழுதுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் முதுகில் டிஸ்க் ஆபரேஷன் நடந்தது. கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு ஆட்களைத் தூக்கித் தூக்கி வந்த வினை. நீங்களும் தூக்கியவர்கள்தான், தெரியும். ஆபரேஷனுக்கு அப்புறமும் காலுக்கு இறங்கும் வலி விடவில்லை. வலி மருத்துவர் எழுதிக் கொடுத்த டிரமடால் என்ற ஓபியாய்டு (அபின் போல வேலை செய்யும்) வலி மாத்திரையை காலையில் ஒன்று, இரவில் ஒன்று சாப்பிடுகிறேன். அதனால்தான் முழு ஷிஃப்ட்டும் நிற்க முடிகிறது.

ஆரம்பித்த முதல் வாரம் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. லீவு போட்டு வீட்டில் இருந்தேன். உடம்பு மருந்துக்குப் பழகியதும் அந்த மயக்கம் போய்விட்டது. ஆனால் அதற்கு முந்தைய மாதங்களை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. ராத்திரியெல்லாம் வலியில் புரண்டுவிட்டு டியூட்டிக்கு வந்த ஒரு நாள், ஊசி மருந்து கலக்கும் டிஸ்டில்ட் வாட்டர் என்று நினைத்து, நேராக ரத்தத்தில் ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை எடுத்துவிட்டேன். உடைக்கும் முன் லேபிளைப் பார்த்ததால் தப்பித்தோம், நோயாளியும் நானும். அன்று என் உடம்பில் ஒரு மாத்திரைகூட இல்லை. வெறும் வலிதான் இருந்தது.

மருந்து ஆரம்பித்ததும் மேலிடத்தில் நானாகவே போய்ச் சொன்னேன். மறுநாள் நார்கோட்டிக் அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை. அடுத்த வாரமே "போதை மாத்திரை போடுற சிஸ்டர்" என்ற பேச்சு கேன்டீன் வரை போயிருந்தது. வேலையை விட்டேன்.

அடுத்த இடத்தில் வாயே திறக்கவில்லை. மாத்திரைகளைப் பிரித்து ஒரு கால்சியம் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். ஒரு நைட் டியூட்டியில் கூட இருந்த பெண், "அக்கா, எனக்கும் ஒரு கால்சியம் குடுங்க, கால் குடையுது" என்று கையை நீட்டினாள். மாசமாக இருந்தாள் அவள். டப்பாவை மூடி பைக்குள் போட்ட என் கை நடுங்கியது. மறைக்க வைத்தால் இதுதான் நடக்கும், மேடம்.

2018-ல் டிரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது உண்மைதான். மருத்துவர் சீட்டோடு வாங்கிச் சாப்பிடுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. திடீரென்று நிறுத்தினால் எனக்கு வியர்க்கும், உடம்பு முறுக்கும். அது உடல் மருந்துக்குப் பழகியதன் அடையாளம். மருந்தைத் தேடி அலைவதும் அளவை நானே கூட்டுவதும்தான் அடிமைத்தனம். இந்த வித்தியாசத்தை நமக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்; நோயாளிக்கு நாமே விளக்குகிறோம்.

வார்டில் ஆம்பியூல் திருடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க இரட்டைப் பூட்டு, ரெஜிஸ்டர், இரண்டு கையெழுத்து, காலி ஆம்பியூல் கணக்கு எல்லாம் இருக்கின்றன. அவற்றை எல்லோருக்கும் ஒரே கண்டிப்போடு நடத்துங்கள், எனக்கும் சேர்த்து.

மருந்து சாப்பிடும் செவிலியரை ஒரு மருத்துவர் பார்த்து, வேலைக்குத் தகுதியா என்று எழுதித் தரட்டும். அந்தச் சீட்டு உங்கள் மேஜையைத் தாண்டக் கூடாது. அளவு மாறும் வாரத்தில் நைட் போடாதீர்கள். எனக்கு மயக்கமாக இருந்தால் நானே வந்து சொல்கிறேன். சாவியைக் கொஞ்ச நாள் வேறொருவரிடம் கொடுக்க வேண்டியிருந்தால், ஏன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் திருப்பித் தருவீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வார்டு சிஸ்டர்