தரை தெரியும்வரை பேரன் இறங்க வேண்டாம்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ அனுப்பிய போட்டோவை அம்மாவும் நானும் பார்த்தோம். மூன்று வாரம் ஆள் இல்லாவிட்டால் பிரிஸ்பேன் வெயிலுக்கு நீச்சல் குளம் பச்சை கட்டத்தான் செய்யும். "குளோரின் மாத்திரை போட்டுவிட்டுத்தானே வந்தோம், குளோரின் 3 காட்டுகிறதே, அப்புறம் ஏன் பாசி?" என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும் கண்ணு, அதனால் எழுதுகிறேன்.

கோளாறு அந்த மாத்திரையில்தான். அது கரையக் கரைய குளோரினோடு ஸ்டெபிலைசரும் சேரும். வெயிலில் குளோரின் அழியாமல் காப்பது அது. லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது (குளோரினுக்கும் இதே கணக்குதான்). ஆனால் குளோரின் செலவாகிவிடும், ஸ்டெபிலைசர் தங்கிவிடும். உனக்கு 100 காட்டுகிறது. அவ்வளவு இருந்தால் குளோரின் கட்டுண்டு கிடக்கும், பாசியைக் கொல்லாது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடு. முழுக்கக் காலி செய்யாதே. நிலத்தடி நீர் மேலே இருந்தால் வெறும் தொட்டியையே தூக்கிவிடும்.

பிறகு முதலில் ஆசிட் விட்டு பிஎச்சை, அதாவது தண்ணீரின் அமில-கார அளவை, 7.2க்குக் கொண்டுவா. குளோரினை ஏற்றிய பிறகு அளந்தால் பிஎச் தப்பாகக் காட்டும். உங்கள் குளம் ஏறக்குறைய 48,000 லிட்டர். 10 சதவீத திரவக் குளோரின் அரை லிட்டர் விட்டால் அளவு 1 ஏறும். ஸ்டெபிலைசர் 50 இருக்கையில் 20 வரை ஏற்ற வேண்டும், அதாவது சுமார் பத்து லிட்டர். பொழுது சாய்ந்த பிறகு ஊற்று. சுவர், படி, ஏணியின் பின்புறம் எல்லாம் பிரஷ் போட்டுத் தேய். வழவழப்பு இருக்கும்வரை குளோரின் உள்ளே போகாது. ஃபில்டர் இரவு பகல் ஓடட்டும், பிரஷர் ஏறினால் தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓட்டி ஃபில்டரைக் கழுவு (பேக்வாஷ்). காலையும் மாலையும் அளந்து, குறைந்ததை ஈடுகட்டு.

பச்சை போய்த் தண்ணீர் பால் மாதிரி கலங்கும். அது செத்த பாசி. பலர் அங்கேதான் விட்டுவிடுவார்கள், நீ விடாதே. ராத்திரி அளந்ததற்கும் விடிகாலையில் அளப்பதற்கும் 1க்கு மேல் குறையாவிட்டால்தான் பாசி ஒழிந்தது என்று அர்த்தம். அப்புறம் பிஎச் ஆடாமல் பிடித்து வைக்கும் ஆல்கலினிட்டி லிட்டருக்கு 80 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், அதை ஏற்றச் சமையல் சோடா போதும்.

ஒன்றை மாப்பிள்ளையிடமும் சொல். ஆசிட்டும் குளோரினும் ஒரே வாளியைத் தொடக்கூடாது. துபாயில் நான் ஹோட்டல் குளம் பார்த்த காலத்தில், குளோரின் இருந்த வாளியில் ஆசிட்டை ஊற்றிய பையன் மூச்சுத் திணறிச் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். பிழைத்தான், ஆனால் அந்த இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது. வாளியில் முதலில் தண்ணீர், அதன்மேல்தான் ஆசிட். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்.

கலங்கிய தண்ணீரில் குழந்தை மூழ்கினால் மேலிருந்து தெரியாது. வேலியின் கேட் தானாகச் சாத்திக்கொள்கிறதா என்று தினமும் தள்ளிப் பார். தரையில் இருக்கும் டிரெயின் மூடி கண்ணுக்குத் தெரிந்த அன்றைக்கு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு, எந்நேரமானாலும் சரி.

அன்புடன்,
அப்பா