வாயும் உடம்பும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்களில் ஒன்று மழையால் நின்றுபோனது, மற்றவை எல்லாம் நடந்தன. நூலக அலமாரிக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து, "கண், இதயம், மூட்டு எல்லாம் பேசியாயிற்று. வாய்க்கு ஒரு கூட்டம்கூடப் போடவில்லையே" என்று கேட்டார். ஒரு கூட்டம் போதும் என்ற நினைப்பில்தான் தீர்மானம் எழுதினோம். கடைசியில் நான்கு கூட்டங்கள் ஆகிவிட்டன.

முதல் கூட்டத்துக்கு வந்த பல் மருத்துவர் பேச்சை உடனே ஆரம்பிக்கவில்லை. ஆளுக்கொரு மாத்திரையைக் கொடுத்து, மென்று துப்பச் சொன்னார். பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிப் படலத்தைச் சிவப்பாகக் காட்டும் மாத்திரை அது. கைக்கண்ணாடி ஒன்று வரிசையாகக் கை மாறியது. இரண்டு வேளையும் தவறாமல் பல் துலக்குகிறவர் என்று பெயரெடுத்த நம் துணைத் தலைவருக்கு முன்பக்கம் பளிச்சென்று இருந்தது. கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம், நாக்கு உரசுகிற இடம், ஒரே சிவப்பு. எனக்கு எங்கெங்கே இருந்தது என்பதை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறேன்.

அப்புறம்தான் பேச்சு. 1965-இல் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. இந்தக் கட்டம் வரை எல்லாம் நம் கையில்தான் இருக்கிறது. இதைத் தாண்டி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டால், போன எலும்பு தானாகத் திரும்பாது. பெரும்பாலும் வலியும் இருக்காது. பிரஷ்ஷில் தெரியும் ரத்தம்தான் முதல் தகவல். அதையும் "கொஞ்சம் அழுத்தித் தேய்த்துவிட்டேன் போல" என்று சொல்லிவிட்டு வாயைக் கொப்பளித்துப் போய்விடுகிறோம். புகைபிடிக்கிறவர்களுக்கு அந்தத் தகவலும் ஒழுங்காக வந்து சேராது. புகை ஈறின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், உள்ளே கெட்டிருந்தாலும் கசிவு குறைவாகவே இருக்கும்.

இரண்டாவது கூட்டம் சர்க்கரை நோய் பற்றியது. ஆண்டிலேயே அதிகக் கூட்டம் வந்ததும் அதற்குத்தான். சர்க்கரை கூடினால் ஈறு கெடும் என்பது பலருக்கும் தெரிந்திருந்தது. ஈறு கெட்டால் சர்க்கரையும் கூடும் என்பதுதான் புதுச் செய்தி. நாள் முழுக்க ஈறுக்குள் புகைந்துகொண்டிருக்கும் அழற்சியிலிருந்து சில வேதிப்பொருட்கள் ரத்தத்தில் கலக்கின்றன. அவை இன்சுலினைத் தன் வேலையைச் சரியாகச் செய்யவிடுவதில்லை. ஈறுக்கு அடியில் படிந்த காரையைச் சுத்தம் செய்தவர்களை வைத்துப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால், மூன்று நான்கு மாதத்தில் HbA1c, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் சதவீத எண், 0.4 புள்ளி போலக் குறைகிறது. அதாவது 8.0 இருந்தவருக்கு 7.6. "இவ்வளவுதானா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். இவ்வளவுதான். மாத்திரையையும் நடையையும் விட்டுவிட்டு கிளீனிங்குக்கு மட்டும் போனால் ஒன்றும் நடக்காது. ஆனால் எல்லாம் செய்தும் எண் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் ஈறையும் ஒருமுறை காட்டிவிட வேண்டும். நம் உறுப்பினர் ஒருவர் அப்படிக் காட்டினார், எண்ணும் கொஞ்சம் இறங்கியது. அதே மாதங்களில் காலை நடையையும் கூட்டியிருந்தாராம், எனவே முழுப் பெருமையையும் ஈறுக்குக் கொடுக்க அவரே தயாராக இல்லை.

இப்போது ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். தவறு என்னுடையது. மூன்றாவது கூட்டத்துக்கு நான் அச்சடித்த நோட்டீஸில் "பல்லைக் காத்தால் மாரடைப்பு வராது" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டேன். பணி ஓய்வு பெற்ற செவிலியரான நம் மூத்த உறுப்பினர் அந்த நோட்டீஸைக் கையில் பிடித்தபடி, "இதை யார் நிரூபிச்சாங்க தம்பி?" என்று கேட்டார். பதில் இல்லை. ஈறு நோய் உள்ளவர்களிடம் ரத்தக் குழாய் அடைப்பு அதிகம் காணப்படுகிறது என்பது உண்மை. அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் எல்லா ஆய்வுகளையும் அலசிவிட்டு, தொடர்பு இருக்கிறது, ஆனால் ஒன்றினால்தான் மற்றது வருகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று சொன்னது. புகை, சர்க்கரை, வயது ஆகிய மூன்றும் ஈறையும் கெடுக்கும், இதயத்தையும் கெடுக்கும். எது எதை இழுத்துவந்தது என்று பிரிப்பது கஷ்டம்.

இப்படி அளவுக்கு மீறிப் பேசியதற்கு ஒரு பழைய கதையும் உண்டு என்று அன்றைக்கு வந்த மருத்துவர் சொன்னார். 1910-இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரித்தானிய மருத்துவர் மான்ட்ரியலில் ஓர் உரை ஆற்றினார். உடம்பின் பல நோய்களுக்கு வாயில் ஒளிந்திருக்கும் கிருமிதான் மூலம் என்ற எண்ணம் அதன் பிறகு வேகமாகப் பரவியது. மூட்டு வலிக்கும் பல்லைப் பிடுங்கினார்கள், மனநோய்க்கும் பிடுங்கினார்கள். நல்ல பல்லும் தப்பவில்லை. என் நோட்டீஸ் யார் பல்லையும் பிடுங்கவில்லை என்றாலும், மீதிப் பிரதிகளை அன்றே கிழித்துவிட்டேன்.

இதயத்தில் சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்று உண்டு. வாயில் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள் ரத்தத்தில் கலந்து, பழுதான வால்விலோ செயற்கை வால்விலோ ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. வால்வு மாற்றியவர்கள் பல் டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

நான்காவது கூட்டம் வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக. வந்தவர்கள் குறைவு. ஆனால் என்னைக் கேட்டால் இதுதான் ஆண்டின் உருப்படியான கூட்டம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு எச்சில் தெரியாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். கூடவே வாயிலிருக்கும் கிருமியும் நுரையீரலுக்குப் போகும். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட முடிவுப்படி, வாயைத் தினமும் பராமரித்தவர்களுக்கு நிமோனியா குறைவாக வந்தது. பல்லே இல்லாதவர்களுக்கும் அந்தப் பலன் இருந்தது. எனவே "பல்தான் இல்லையே" என்று ஈறையும் நாக்கையும் துடைக்காமல் விடக் கூடாது. பல் செட்டை இரவில் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். தன் அம்மா பல வருடமாக அதைக் கழற்றாமலே தூங்குகிறார் என்று சொன்ன ஓர் உறுப்பினர், மறுநாள் காலை ஏழு மணிக்கே என்னைக் கூப்பிட்டு, "கழற்றிவிட்டார், ஆனால் என்னோடு பேச மாட்டேன் என்கிறார்" என்றார்.

நூலகத்தில் ஒரு மருந்து நோட்டும் தொடங்கியிருக்கிறோம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பல் பிடுங்க வேண்டும் என்றால் தாமாக அதை நிறுத்தாமல் இரண்டு டாக்டர்களிடமும் கேட்பது. எலும்புத் தேய்மானத்துக்குச் சில வகை மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே பல் டாக்டரிடம் சொல்வது (தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் கொஞ்சம் உண்டு). அம்லோடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரையால் சிலருக்கு ஈறு தடிப்பது. ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளிப்பது. இதுவரை எழுதியவை இவை. எழுத இன்னும் பக்கம் இருக்கிறது.

இளைஞர்கள் வரவில்லை என்பது இந்த ஆண்டும் குறைதான். ஞாயிறு மாலையை மாற்றிப் பார்க்கலாம் என்பது என் யோசனை, பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

கட்டணம் வாங்காமல் வந்து பேசிய மருத்துவர்களுக்கும், நாற்காலி போட்டு எடுத்த நண்பர்களுக்கும், என் நோட்டீஸைத் திருத்திய மூத்த உறுப்பினருக்கும் நன்றி. சிவப்பு மாத்திரை இன்னும் கொஞ்சம் என்னிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். கைக்கண்ணாடியை மட்டும் மறக்காமல் திருப்பித் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்