201-வது யூனிட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஏர் ப்யூரிஃபையர் வாங்குவோருக்காக வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். ஃபில்டர் பற்றியும் அறையின் அளவு பற்றியும் விரிவாக எழுதியவர், கரண்ட் செலவை மட்டும் ‘ஒரு பழைய குண்டு பல்பு அளவுதான், கவலை வேண்டாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் கணக்கில் பிழை இல்லை. ஆனால் தில்லியில் பில் அந்தக் கணக்குப்படி வருவதில்லை. நாற்பது வருடமாக இங்கே குடும்பம் நடத்துகிறவள் நான். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

மயூர் விஹாரில் இரண்டு அறை வீடு. மகன், மருமகள், ஏழு வயதுப் பேத்தி, நான். பேத்திக்கு ஆஸ்துமா. 2024 தீபாவளிக்கு மறுநாள் காலையில் எதிர்வீட்டு மாடி கண்ணுக்குத் தெரியவில்லை. குழந்தைக்கு இழுப்பு தொடங்கிவிட்டது. ‘படுக்கிற அறையின் காற்றையாவது சுத்தமாக வையுங்கள்’ என்றார் டாக்டர். அன்று மாலையே மகன் ஒரு ப்யூரிஃபையர் வாங்கி வந்தான். அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. கதவைச் சாத்தி ஓட்டினோம். அதன் சிறு திரையில் 230 என்று நின்ற பி.எம். 2.5, அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகளின் அளவு, ஒரு மணி நேரத்தில் 40-க்கு இறங்கியது. நம் நாட்டு அளவுகோல் ஒரு நாளைக்கு 60, உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. அந்த 40-ஐப் பார்த்ததே எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

கருவியின் முதுகில் 50 வாட்ஸ் என்று போட்டிருந்தது. இரவும் பகலும் முழு வேகத்தில் ஓடினால் நாளுக்கு 1.2 யூனிட், மாதம் 36 யூனிட். யூனிட் நாலரை ரூபாய் என்று வைத்தால் 162 ரூபாய். கட்டுரையாளர் போட்டதும் இப்படித்தான் இருக்கும்.

இனி எங்கள் பில்லைச் சொல்கிறேன். ஏ.சி. ஓடாத மாதங்களில் எங்கள் வீட்டில் 180 யூனிட்டுக்குள் நின்றுவிடும். 2019 ஆகஸ்டிலிருந்து தில்லியில் மாதம் 200 யூனிட் வரை பில் பூஜ்யம். அதற்கு மேல் 400 வரை பாதி மானியம், அதுவும் 800 ரூபாய் வரைக்கும்தான். 201-வது யூனிட் ஓடிவிட்டால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே காசு கட்ட வேண்டும். அந்த மாதம் மீட்டர் 214 காட்டியது. கூடுதலான 14 யூனிட்டின் விலை 63 ரூபாய். எங்கள் கைக்கு வந்த பில்லோ 570 ரூபாய்ச் சொச்சம்! நிலைக்கட்டணம், இரண்டு மூன்று விதமான சர்சார்ஜ், வரி என்று எல்லாம் சேர்ந்து வந்த தொகையில் பாதி மானியம் போக மீதி இது. மாடி வீட்டில் இரண்டு ப்யூரிஃபையர். கீசரும் சேர்ந்துகொண்டதால் அவர்கள் 400-ஐத் தாண்டி, இருந்த பாதி மானியத்தையும் இழந்தார்கள்.

அந்த பில்லைப் பார்த்துவிட்டு நான் ஒரு தப்பு செய்தேன். டிசம்பரில் குழந்தை தூங்கியதும் கருவியை அணைக்க ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் விடியற்காலை நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. குளிர்கால இரவில்தான் புகை மேலே போகாமல் தரையோடு படிந்து கிடக்கும் என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எதை மிச்சம் பிடிக்க அணைத்தேனோ அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. மெதுவான வேகத்தில் அந்தக் கருவிக்கு 12 வாட்ஸ்தான் வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. மாதம் முழுக்க ஓடினாலும் மூன்று யூனிட்.

விசிறியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே கரண்ட் மளமளவென்று குறைந்துவிடும். இதை அந்தக் கட்டுரை சொல்லியிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும். இப்போது படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கதவு ஜன்னலைச் சாத்தி முழு வேகத்தில் விடுகிறோம், பிறகு விடியும்வரை மெதுவாக. முன்பக்க வலையில் அடையும் தூசியைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பிரஷ்ஷால் தட்டி எடுக்கிறேன். அது அடைத்துக்கொண்டால் மெதுவான வேகம் போதாமல் போய்விடும்.

ஆனால் இந்தச் சிக்கனம் எல்லா நாளும் நடக்காது. 2024 நவம்பர் 18 அன்று காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. காற்று மாசு கூடக் கூடக் கட்டம் கட்டமாகக் கட்டுப்பாடு விதிக்கும் ‘கிராப்’ திட்டத்தின் நான்காம் கட்டம் அமலாகி, பள்ளி மூடி, வகுப்பு செல்போனுக்கு வந்தது. குழந்தை நாள் முழுக்க அந்த ஒரே அறையில். அன்று மெதுவான வேகம் எதற்கும் போதாது. ‘வீட்டுக்குள்ளேயே இருங்கள்’ என்று அரசே சொல்கிற நாட்களில்தான் மீட்டர் 200-ஐ நோக்கி ஓடுகிறது.

அதனால் என் கோரிக்கை இது. கிராப் மூன்றாம், நான்காம் கட்டம் அமலில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு யூனிட்டை மானிய வரம்பில் கூட்டிக்கொடுக்க வேண்டும். இருபது நாள் என்றால் அந்த மாதத்து வரம்பு 220, 420. எந்தத் தேதியில் எந்தக் கட்டம் என்பது அரசு ஆணையாகவே வெளிவருகிறது. பில் போடும் கம்பெனிக்கு அதில் சிரமம் ஒன்றும் இருக்காது. வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது என்று வீட்டுக்காரருக்குக் கட்டுகிறவர்களுக்கு இந்தச் சலுகை எதுவும் போய்ச் சேராது. அவர்களுக்குத் தனி மீட்டர் தருவதை விரைவுபடுத்த வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மா திரிலோக்புரியில் இருக்கிறார். சேலம் பக்கம். அவர் பேரனுக்கும் இழுப்பு உண்டு. எங்கள் கருவி என்ன விலை என்று ஒருநாள் கேட்டார். சொன்னேன். அப்புறம் அவர் கேட்ட கேள்வி, ‘மாசம் எவ்வளவுக்கா கரண்ட் இழுக்கும்?’ என்பதுதான். பழையது ஒன்று கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம், பூஜ்ய பில் போய்விடுமே என்பதுதான் அவர் பயம்.

அந்தக் கட்டுரையின் தொடர்ச்சி வருமானால், தில்லி வாசகர்களுக்காக இந்த 200, 400 வரம்புகளையும் ஒவ்வொரு வேகத்துக்கும் ஆகும் வாட்ஸ் கணக்கையும் சேர்த்து, தீபாவளிக்கு முன்பே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயூர் விஹார், தில்லி